ரோமா பிள்ளைகளின் பள்ளிப் பாதை: எந்தச் சேவை எதுவரை கொண்டுசேர்க்கிறது?

பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பிள்ளை எந்த அறையில், யார் பக்கத்தில், எந்தப் பாடநூலை விரித்து உட்கார்ந்திருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்காது. ஐரோப்பாவில் ரோமா (நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போன, 'ஜிப்சி' என்று பலர் அழைக்கும் சிறுபான்மை இனத்தார்) பிள்ளைகளின் கல்விக்காக நடக்கும் சேவைகளை எடைபோடும்போது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடலாம். காகிதத்தில் எல்லா நாட்டிலும் கல்வி கட்டாயம், கட்டணம் இல்லை, யாருக்கும் தடை இல்லை.

நிலவரம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 3 வயதைத் தாண்டிய, ஆனால் கட்டாயப் பள்ளி வயதை எட்டாத ரோமா பிள்ளைகளில் 44% பேர்தான் மழலையர் பள்ளிக்குப் போகிறார்கள். 20 முதல் 24 வயதுக்குள் மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள் 27%. இவற்றைவிட உறுத்தும் எண் இன்னொன்று. 6 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களில் 52% பேர், எல்லோருமே அல்லது பெரும்பாலோர் ரோமாவாக இருக்கும் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2016-ல் இது 44% ஆக இருந்தது. திட்டங்கள் கூடின, பிரிவினையும் கூடியிருக்கிறது. 2030-க்குள் இதை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறக்குவோம், மழலையர் பள்ளிச் சேர்க்கையை 70% ஆக்குவோம் என்று ஒன்றியம் 2020-ல் இலக்கு வைத்தது.

ஆகவே இங்கே எல்லாச் சேவைக்கும் ஒரே அளவுகோல்: ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே அறையில், ஒரே பாடத்திட்டத்தில் இருக்கிறதா?

முதலில் பள்ளி மத்தியஸ்தர். ருமேனியாவில் 1990-களில் தன்னார்வ அமைப்புகள் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. ஒன்றியத்தில் சேரக் காத்திருந்த நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்த ஃபாரே நிதியில் பரவி, 2007-ல் வந்த 1539-ஆம் எண் அமைச்சக ஆணையால் வேலை விதிகள் பெற்றது. ஐரோப்பிய கவுன்சில் (ஒன்றியத்திலிருந்து வேறான மனித உரிமை அமைப்பு) 2011-ல் ரோமெட் என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்தியஸ்தர்கள் பல நாடுகளில் பயிற்சி பெற்றார்கள். கருத்து எளிது. ரோமா சமூகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரைப் பள்ளி ஊழியராக வைப்பது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அவர் நிற்பார்.

நல்ல மத்தியஸ்தரின் ஆண்டு, பள்ளி திறக்கும் நாளில் தொடங்குவதில்லை. முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ருமேனியாவில் ஆகஸ்ட் 31-க்குள் 6 வயது நிறையும் பிள்ளை ஆயத்த வகுப்பில் சேர வேண்டும். 2012-ல் வந்த இந்த வகுப்புதான் இப்போது கட்டாயத் தொடக்கக் கல்வியின் முதல் படி. மத்தியஸ்தர் அந்தத் தேதியை வைத்துக் குடியிருப்பில் வீடு வீடாகப் பட்டியல் எடுப்பார். சுகாதார மத்தியஸ்தரின் தடுப்பூசிக் கணக்கோடு அதை ஒப்பிடுவார். இரண்டிலும் ஒத்துவராத பெயர்கள்தான் அவருடைய உண்மையான வேலை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் இருக்காது, அல்லது பெற்றோரின் அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும். வீட்டுக்குப் பட்டா இல்லாத குடும்பத்துக்கு நிரந்தர முகவரி கிடைப்பதில்லை. முகவரி இல்லாதவருக்கு ஓராண்டுக்கு மட்டும் செல்லும் தற்காலிக அடையாள அட்டைதான். அது தீர்ந்துபோகும் மாதம் பள்ளிச் சேர்க்கை மாதமாக அமைந்துவிட்டால், பள்ளி குறை சொல்ல ஒரு காரணம் தயார். அதனால் பதிவு அலுவலக நடையை ஜனவரிக்குள் முடித்துவிடும் மத்தியஸ்தர் ஜெயிக்கிறார். செப்டம்பரில் ஓடுகிறவர் மீதி இருக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கிறார்.

மீதி இருக்கும் இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பெற்றோர்கள் பெயர்பெற்ற ஆசிரியையின் வகுப்பைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுவார்கள். அது 'அ' பிரிவு ஆகும். ஒரே மழலையர் பள்ளியில் படித்தவர்களைச் சேர்த்தே வைப்போம் என்று நல்லெண்ணத்தோடு சொன்னால்கூட, மழலையர் பள்ளிக்கே போகாத பிள்ளைகள் எல்லோரும் தாமாகவே 'இ' பிரிவில் குவிந்துவிடுவார்கள். யாரும் 'ரோமா' என்ற சொல்லை எழுதவே இல்லை, பிரிவினை மட்டும் நடந்துவிட்டது. ருமேனியாவின் 2016-ஆம் ஆண்டு 6134-ஆம் எண் ஆணை இதைத்தான் தடைசெய்கிறது. இனம் மட்டுமல்ல, குடும்பத்தின் பொருளாதார நிலை, வசிக்கும் இடம், மதிப்பெண் ஆகியவற்றை வைத்துப் பிரிப்பதும் அதில் அடங்கும். பிரிவுகள் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன என்ற சாக்கும் செல்லாது. வகுப்புக்கு வகுப்பு விகிதம் பார்க்க வேண்டும்.

ஆனால் பள்ளி முதல்வருக்குக் கீழே, பள்ளியின் சம்பளத்தில் இருக்கும் மத்தியஸ்தர், அதே முதல்வர் பிரிவினை செய்கிறார் என்று எழுதிக் கொடுப்பாரா? சேவையின் பெரிய ஓட்டை இது. ரோமெட் கையேடு மத்தியஸ்தர் விழக்கூடிய இரண்டு குழிகளை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒன்று, நிறுவனத்தின் 'ட்ரோஜன் குதிரை' ஆகிவிடுவது: சமூகத்துக்குள் புகுந்து பள்ளி சொல்வதைச் செய்யவைப்பவர். மற்றொன்று, சமூகத்தின் பக்கம் மட்டும் நின்று போராடுபவர். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்பவரே வேண்டும் என்கிறது. நடைமுறையில் முதல் குழியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், தங்கள் தவறால் அல்ல. வராத பிள்ளையை வீட்டிலிருந்து இழுத்துவரும் ஆள், பேன் இருக்கிறதா என்று பார்க்கும் ஆள், ஆசிரியரின் கோபத்தைப் பெற்றோரிடம் கொண்டுபோகும் தபால்காரர், அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் ஆள் என்று வேலை சுருங்கிவிடும். மத்தியஸ்தர் வந்துவிட்டார் என்பதற்காகவே வகுப்பாசிரியர் ரோமா வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிடும் பள்ளிகள் உண்டு. அங்கே சேவை இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

இன்னொரு கோளாறு பணம். திட்ட நிதியில் உருவான பணியிடங்கள் திட்டம் முடிந்ததும் உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் விழுகின்றன. உள்ளூர் நிர்வாகம் அவற்றை நிரப்பாமல் விட்டுவிடுகிறது. பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கைக்கும் உண்மையில் வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் நடுவே உள்ள பள்ளம் இப்படி வந்ததுதான். ஒரு பள்ளி 'எங்களிடம் மத்தியஸ்தர் இருக்கிறார்' என்று பெருமையாகச் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், சம்பளம் யார் கையிலிருந்து? ஆசிரியர் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டா? ஒரே ஆள் எத்தனை பள்ளிகளுக்கு? வகுப்புப் பிரிவுகளின் பட்டியலை, அது ஒட்டப்படும் முன்பு, அவர் பார்க்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' வந்தால் மற்ற மூன்றில் குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் சேர்க்கைக்கு இதைப்போல வேறு சேவை இல்லை. ஆனால் பிரிவினைக்கு இது மருந்தல்ல. அந்தப் பாரத்தை இவர்மேல் ஏற்றக்கூடாது.

மழலையர் பள்ளிக்கு வருவோம். இங்கே பணம் எந்த வடிவில் கொடுக்கப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ருமேனியாவில் 2015-ஆம் ஆண்டின் 248-ஆம் எண் சட்டம், வருகையை நிபந்தனையாக வைத்து, ஏழைக் குடும்பப் பிள்ளைக்கு மாதம் 50 லெய் (ருமேனிய நாணயம்) மதிப்புள்ள கூப்பன் தருவதாகத் தொடங்கியது. தன்னார்வ அமைப்பு ஒன்று பல கிராமங்களில் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்த முறையை அரசு எடுத்துக்கொண்டது. உணவு, உடை, சுகாதாரப் பொருள், எழுதுபொருள் வாங்கலாம். குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. சிக்கல் வருமானச் சான்றில். நிரந்தர வேலை இல்லாத, இரும்புச் சாமான் பொறுக்கி விற்றோ பருவகால வேலைக்கு வெளிநாடு போயோ பிழைக்கும் குடும்பம், உச்சவரம்புக்குள் இருக்கிறோம் என்று காகிதத்தில் காட்டுவது எளிதல்ல. பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் இருந்தால் பாட்டி கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி கிளம்பும்.

பல்கேரியா வேறு வழியில் பரிசோதித்துப் பார்த்தது. 200-க்கும் மேற்பட்ட ஏழைக் குடியிருப்புகளில் உலக வங்கியும் உள்ளூர் அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சில இடங்களில் கட்டணத்தை மட்டும் நீக்கினார்கள். சில இடங்களில் கட்டணத்தை நீக்கி, ஒழுங்காக வரும் பிள்ளைக்கு உணவுக் கூப்பனும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டணம் நீங்கியதுமே சேர்க்கையும் வருகையும் கணிசமாக ஏறின. அதற்குமேல் கொடுத்த கூப்பன் பெரிய மாற்றம் எதையும் கூட்டவில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை, ஆசைகாட்டினால்தான் அனுப்புவார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த முடிவை இரண்டு முறை வாசிக்க வேண்டும். 2022-ல் பல்கேரியா மழலையர் பள்ளிக் கட்டணத்தை நாடு முழுவதும் நீக்கிவிட்டது. எங்கள் கணக்கில் இதுதான் இந்தப் பட்டியலிலேயே பணத்துக்கு அதிகப் பலன் தரும் சேவை. விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஏழை என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

செக் குடியரசில் 2017 முதலும் ஸ்லோவாக்கியாவில் 2021 முதலும் பள்ளிக்கு முந்தைய கடைசி ஆண்டு கட்டாயம். கட்டாயம் என்று சட்டம் போடுவது எளிது. குடியிருப்புக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இடம் இல்லாத ஊரில் கட்டாயச் சட்டம் பெற்றோருக்கு அபராதமாகத்தான் வந்துசேரும்.

அடுத்தது, தவிர்க்க முடியுமானால் தவிர்க்க வேண்டிய சேவை: பள்ளித் தகுதிப் பரிசோதனை. செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நாடுகளில் கல்வி உளவியல் ஆலோசனை மையங்கள் இதை நடத்துகின்றன. பிள்ளைக்குக் கற்றல் உதவி வேண்டுமா என்று பார்ப்பது நோக்கம். நடந்தது, ரோமா பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக 'லேசான மனவளர்ச்சிக் குறைபாடு' என்ற முத்திரையோடு சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. செக் நகரமான ஒஸ்த்ராவாவின் கணக்கு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, மற்றப் பிள்ளையைவிட ரோமா பிள்ளை சிறப்புப் பள்ளியில் போய்ச் சேரும் வாய்ப்பு 27 மடங்கு என்று தெரிந்தது.

கோளாறு எங்கே என்று பார்த்தால், சோதனையின் பாதி சொல்வளத்தை அளக்கிறது. வீட்டில் ரோமானி பேசும் பிள்ளைக்கு, அல்லது ரோமானி கலந்த ஒரு வட்டார வழக்கு பேசும் பிள்ளைக்கு, அது மொழித் தேர்வு, அறிவுத் தேர்வு அல்ல. படப் புத்தகம், வெட்டி ஒட்டும் விளையாட்டு, மேசையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் மழலையர் பள்ளியில் பழகுவது. அங்கே போகாத பிள்ளை முதல் பத்து நிமிடம் வாயே திறக்காது. அந்த மௌனத்துக்கும் மதிப்பெண் போடப்படுகிறது. ஹங்கேரியில் நடந்தது இன்னும் வெளிப்படை. குறைபாட்டின் எல்லை அறிவுத்திறன் எண் 70 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்க, அங்கே 86 வரை ஏற்றி வைத்திருந்தார்கள். நியிரெகிஹாஸா நகரத்து இளைஞர்கள் இருவர் இதை ஸ்ட்ராஸ்பர்குக்குக் கொண்டுபோய் 2013 ஜனவரியில் ஜெயித்தார்கள்.

செக் நாட்டில் சிறப்புப் பள்ளிகள் 2004-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு 'நடைமுறைத் தொடக்கப் பள்ளி' என்று பெயர் மாறின. பலகை மாறியது, உள்ளே அதே ஆசிரியர், அதே குறைந்த பாடம். உருப்படியான மாற்றம் 2016 செப்டம்பரில் வந்தது. லேசான குறைபாட்டுக்கென்று இருந்த தனிக் குறைப்புப் பாடத்திட்டத்தை நீக்கி, சாதாரணப் பள்ளியிலேயே உதவி ஏற்பாடுகளைக் கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுத்தது.

பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும் என்றால்: சொற்களைச் சாராத சோதனையைக் கேளுங்கள். ரோமானி தெரிந்தவர் அறையில் இருக்கட்டும். அறிக்கையின் நகல் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். எதிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். செக் குடியரசில் அறிக்கை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மறுஆய்வு கேட்கலாம். தேதி தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். ஓராண்டு கழித்து மறுபடி சோதிக்கச் சொல்வதையும் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஸ்லோவாக்கியாவில் பல ஆண்டுகள் நடந்த 'பூஜ்ஜிய ஆண்டு' வகுப்பும் இந்த வகைதான், கொஞ்சம் மென்மையான முகத்தோடு. 6 வயதாகியும் பள்ளிக்குத் தயாராகாத பிள்ளைக்கு ஓராண்டுப் பயிற்சி. யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விவரம் தெரியும். அப்போது அங்கே கட்டாயப் பள்ளிக் கல்வி 10 ஆண்டு. தொடக்கப் பள்ளி 9 வகுப்பு. பூஜ்ஜிய ஆண்டும் கட்டாய ஆண்டுகளில் ஒன்றாகக் கழிந்துவிடும். அதற்குமேல் ஒரே ஒரு வகுப்பில் தங்கிவிட்டாலும், பிள்ளை 8-ஆம் வகுப்பை முடிக்கும்போது கட்டாயக் கல்வி தீர்ந்துபோகும். 9 முடிக்காதவருக்கு முழுத் தொழிற்கல்வி கிடையாது. இரண்டாண்டுக் குறுகிய படிப்பு மட்டுமே. அந்தப் படிப்பில் பெண்பிள்ளைகளுக்கென்று 'நடைமுறைப் பெண்' என்ற பெயரிலேயே ஒரு பிரிவு இருந்தது. சமைப்பது, தைப்பது, வீடு பராமரிப்பது. குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கிளை திறந்து சொல்லிக்கொடுத்தார்கள், ஊருக்குள் வர வேண்டிய தேவையே இல்லாமல். ஆறு வயதில் கொடுத்த 'உதவி' பதினாறு வயதில் வசூலிக்கப்படும் விதம் இது.

பள்ளிப் பேருந்து இந்த வரிசையில் சின்னச் சேவையாகத் தெரியும். பல்கேரியாவின் விதின் நகரத்தில் 2000-ஆம் ஆண்டு 'ட்ரோம்' என்ற ரோமா அமைப்பு இதைத் தொடங்கியது. ரோமானியில் அந்தச் சொல்லுக்கு 'சாலை' என்றே பொருள். நகரத்து ஓரமான நோவ் பத் குடியிருப்பின், ரோமா பிள்ளைகள் மட்டுமே படித்த தனிப்பள்ளியிலிருந்து சுமார் 300 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி நகரப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி மட்டும் போதாது என்பதை அவர்கள் முதலிலேயே புரிந்துவைத்திருந்தார்கள். பேருந்திலும் பள்ளியிலும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் கூடவே இருப்பார். மதிய உணவு உண்டு. பின்தங்கும் பாடத்துக்குத் தனி வகுப்பு உண்டு. மிக முக்கியமானது, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் இறக்கவில்லை, பல பள்ளிகளுக்குப் பிரித்துவிட்டார்கள்.

இந்தக் கடைசி அம்சத்தை விட்டுவிட்டு நகல் எடுத்த ஊர்களில் சேவை கவிழ்ந்தது. ஒரே பள்ளியில் ரோமா பிள்ளைகளின் விகிதம் ஏற ஏற, மற்றப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சில ஆண்டில் நகரப் பள்ளியே இன்னொரு தனிப்பள்ளி ஆகிவிடும். பெற்றோர் விருப்பப்படி எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி இருக்கும் ஹங்கேரியிலும் இதே கதை. எனவே பேருந்து ஏற்பாடு செய்யும் நகராட்சியிடம் கேட்க வேண்டியது வண்டியின் நேரத்தை மட்டுமல்ல, எத்தனை நிறுத்தம், ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதை. இதற்கு நேர் எதிரான சேவையும் உண்டு. ஸ்லோவாக்கியாவில் கன்டெய்னர்களை அடுக்கிக் குடியிருப்பின் வாசலிலேயே பள்ளி கட்டித்தருவது. நடக்கும் தூரம் குறைகிறது, மழையில் நனைய வேண்டாம், புகைப்படத்துக்கும் அழகு. பிள்ளை படிப்பு முடியும்வரை இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பார்க்காது.

மேல்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு ருமேனியா வைத்திருக்கும் தனி இடங்கள் ஓரளவு நன்றாக ஓடுகிற சேவை. பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்திலேயே, புக்கரெஸ்டின் சமூகப்பணிப் படிப்பில் சில இடங்களாகத் தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் உண்டு. பொதுப் பட்டியலுக்கு வெளியே தனியாகக் கணக்கிடப்படுவதால் இன்னொருவர் இடத்தைப் பறித்தார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை. பேச்சு மட்டும் நிற்பதில்லை, அது வேறு விஷயம்.

கேட்கப்படும் விசேஷக் காகிதம் ஒன்றே ஒன்று: சட்டப்படி பதிவான ஒரு ரோமா குடிமை, பண்பாட்டு அல்லது அரசியல் அமைப்பின் தலைவர் தரும் பரிந்துரைக் கடிதம். விண்ணப்பதாரர் ரோமா இனத்தவர் என்று அது உறுதிசொல்ல வேண்டும். அந்த அமைப்பில் உறுப்பினர் என்று சொல்லத் தேவையில்லை, உறுப்பினராகச் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கடிதத்துக்குப் பணம் கேட்டால் எழுந்து வேறு அமைப்புக்குப் போகலாம். எங்கே இடறுகிறது என்றால் காலத்தில். மேல்நிலைப் பள்ளி இடங்களைக் கணினி ஒதுக்கும் முன்பே கோப்பு போய்ச் சேர வேண்டும். 8-ஆம் வகுப்பு முடிவு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கும் குடும்பத்துக்குக் கடிதம் தேடவே நேரம் போதாது. வசந்தகாலத்திலேயே கடிதத்தை வாங்கி வைத்துவிடுவது நல்லது. தனிப் பட்டியலில் பெயர் வருவதைப் பிள்ளைகள் சிலர் விரும்பாமல், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுவதும் உண்டு. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. வகுப்பில் அந்தப் பெயர் எப்படி உச்சரிக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சேவை இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதே இதன் குறை. மேல்நிலைப் பள்ளி பெரும்பாலும் நகரத்தில். பேருந்துச் செலவு, விடுதி, முதல் பருவத்துக் கணக்குப் பாடம் மூன்றும் சேர்ந்து 9-ஆம் வகுப்பிலேயே பலரைத் திருப்பி அனுப்பிவிடும். வயது கடந்துவிட்டவர்களுக்கு அங்கே 'இரண்டாம் வாய்ப்பு' என்ற வகுப்பு உண்டு. வகுப்புக்குரிய வயதைவிடக் குறைந்தது 4 ஆண்டு கூடுதலாக இருக்க வேண்டும். இளம் தாய்மார்கள் திரும்பிவர இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெற்றோர் எழுதிக் கேட்டால் ரோமானி மொழியை வாரம் 3, 4 மணி நேரம் பாடமாகவும் வைக்கலாம். யேக், துய், த்ரின் என்று எண்ணும் அந்த மொழி எங்கிருந்து கிளம்பிப் போனது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் கிடைக்கும் ஊர்களில் இது நல்ல பாடம். கேட்டால்தான் கிடைக்கும், யாரும் வலியவந்து சொல்லமாட்டார்கள்.

ஸ்பெயினில் 2009-ல் தொடங்கிய 'ப்ரோமொசியோனா' இப்படி நடுவில் நின்றுபோவதைத் தடுக்கவென்றே செய்யப்பட்டது. ஹிதானோ (ஸ்பெயினின் ரோமா) அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. தொடக்கப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் பிடித்து, கட்டாய இடைநிலைக் கல்வியையும் தாண்டிக் கொண்டுபோவார்கள். வழிகாட்டி ஒருவர் மாணவரை வாரந்தோறும் தனியே சந்திப்பார், குழுவாக மாலைப் படிப்பும் உண்டு. அதே வழிகாட்டி குடும்பத்தோடும் பள்ளியோடும் பேசுவார். ஹங்கேரியின் 'தனோதா' மாலைப் பள்ளிகளைவிட இதில் பிடித்த அம்சம், படிப்புப் படி மாறும் இடத்தில் ஆள் மாறாமல் இருப்பது. குறை, இடம் குறைவு. ஏற்கெனவே ஓரளவு ஒழுங்காக வரும் பிள்ளைக்குத்தான் பொருந்தும்.

எல்லாம் கைவிட்டபின் இருப்பது நீதிமன்றம். அதையும் சேவையாகவே பார்க்கலாம். ஸ்ட்ராஸ்பர்கில் கட்டணம் இல்லை. வேகம் மோசம். ஒஸ்த்ராவாவின் 18 பிள்ளைகள் 2000-ல் ஸ்ட்ராஸ்பர்குக்குப் போனார்கள். 2006-ல் முதல் அமர்வில் தோற்று, 2007 நவம்பர் 13 அன்று பேரமர்வில் 13-க்கு 4 என்று ஜெயித்தார்கள். ஆளுக்கு 4,000 யூரோ. அதற்குள் அவர்கள் பள்ளி வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு தந்த இரண்டு கருவிகள் இன்றும் பயன்படுகின்றன. ஒன்று, புள்ளிவிவரமே சாட்சியாகலாம், அதிகாரியின் மனதில் வெறுப்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு, பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள் என்பது பதில் அல்ல. முன்கூட்டியே அச்சடித்து நிரப்பிய படிவத்தில், மாற்று என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்ட கையெழுத்தை வைத்து, பாகுபாட்டுக்கு எதிரான உரிமையைக் குடும்பம் விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

2010-ல் குரோவேஷியா வழக்கு 9-க்கு 8 என்று மயிரிழையில் ரோமா பிள்ளைகளுக்குச் சாதகமாக வந்தது. மெதிமூரியே வட்டாரப் பள்ளிகளில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் வைத்ததற்கு, குரோவேஷிய மொழி போதாது என்று காரணம் சொன்னார்கள். அப்படியானால் மொழியை மட்டும் அளக்கும் தேர்வு எங்கே, மொழி கற்றபின் பொது வகுப்புக்கு மாற்றும் திட்டம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. இரண்டும் இல்லை. 'மொழிக்காகத் தனி வகுப்பு' என்று எந்தப் பள்ளி சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்தத் தேதியில் வெளியே வருவார்கள்?

பணத்தீர்ப்பையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஹங்கேரியின் ஜ்யோங்யோஷ்பாடாவில் தனித்தளத்தில் பிரித்து வைக்கப்பட்ட சுமார் 60 பேருக்கு மொத்தம் 99 மில்லியன் ஃபோரின்ட் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் உறுதிசெய்தது. பணத்துக்குப் பதில் பயிற்சி தருகிறோம் என்று அரசு வாதிட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு, இனிவரும் கல்வி வழக்குகளில் பணமாக அல்லாமல் பயிற்சியாகவே ஈடு தரப்படும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

வழக்குக்குப் போக நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டியவை: தேதியோடு ஒவ்வொரு படிவத்தின் நகல், வகுப்புப் பிரிவுவாரியாக மாணவர் எண்ணிக்கை, இடமாற்றம் கேட்ட மனுவும் அதற்கு வந்த மறுப்பும் எழுத்தில். ஒன்றிய நாடுகளில் 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் இனச் சமத்துவ ஆணை, முதற்கட்ட ஆதாரம் காட்டியதும் நிரூபிக்கும் பாரத்தைப் பள்ளியின் பக்கம் தள்ளிவிடுகிறது. அந்த முதற்கட்ட ஆதாரம் பெரும்பாலும் வகுப்புவாரி எண்ணிக்கைதான். உள்நாட்டு நீதிமன்றங்களில் கடைசிப் படிவரை போயிருக்க வேண்டும். அதன்பிறகு ஸ்ட்ராஸ்பர்குக்கு விண்ணப்பிக்க முன்பு 6 மாதம் இருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் 4 மாதம்தான், பழைய கணக்கை நம்பி இருந்தால் விண்ணப்பம் படிக்கப்படாமலே திரும்பும்.